உஷார்! காற்றடிக்கும் நாளில் தூரத்துப் பறவைக்கு ஏர்கன்னால் குறிவைக்காதீர்கள்

காற்று வீசும் நாளில் ஏர்கன்னைத் தோளில் மாட்டிக்கொண்டு தூரத்துப் பறவையைச் சுடக் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைப் படித்துவிட்டுப் போங்கள். இங்கிலாந்தின் வயல்களிலும் அமெரிக்காவின் பால் பண்ணைகளிலும் பயிரைத் தின்னும் பறவை, தீவனத்தை நாசமாக்கும் பறவை என்ற காரணத்தோடு நடந்துவந்த வேலை இது. இப்போது அது தூரப் போட்டியாக மாறிக்கொண்டிருக்கிறது. முப்பது கஜத்துக்குள் பதுங்கிச் சென்று சுடுவதுதான் பழைய வழக்கம். இன்றைக்கு எண்பது மீட்டர், நூறு மீட்டர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை வந்துவிட்டது. ஸ்கோப்பின் வழியாகப் பிடித்த வீடியோவில் புறா பொத்தென்று விழுகிறது. பார்க்கும் இளைஞன் தானும் வாங்கிச் சுடலாம் என்று நினைக்கிறான். இறகு சிதற, ஒரு கால் தொங்க, வேலிக்கு அப்பால் பறந்துபோய் மறைந்த புறாவை யாரும் வீடியோவில் வைப்பதில்லை. அது இரண்டு மூன்று நாள் கழித்து ஏதோ ஒரு புதருக்குள் செத்துக் கிடக்கும்.

விவசாயியின் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. இங்கிலாந்தில் மரப்புறாவால் வரும் சேதம் நிஜமானது. ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள பெரிய புறா அது. குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் கூட்டமாக வந்து இறங்கி, எண்ணெய்க்காகப் போடும் ரேப் பயிரின் இளம் இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சும்படி மேய்ந்துவிடும். விதைத்த பட்டாணியைப் பொறுக்கும். அறுப்புக்கு நிற்கும் கோதுமை சாய்ந்துவிட்டால் அதன்மேல் உட்கார்ந்து தின்னும். அதனால்தான் சட்டம் அங்கே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் பலர் நினைப்பதைவிடக் குறுகலானது. 1981-ம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி பிரிட்டனில் எல்லாக் காட்டுப்பறவைகளும் பாதுகாக்கப்பட்டவை. காகம், மரப்புறா, மேக்பை போன்ற சிலவற்றை மட்டும் பொது உரிமம் என்னும் அனுமதியின் கீழ், குறிப்பிட்ட காரணத்துக்காக மட்டும் கொல்லலாம். பயிர்ச் சேதத்துக்கான உரிமத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. விரட்டுவது, வலை போடுவது போன்ற உயிர் பறிக்காத வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும். பொழுதுபோக்குக்கும் தூரச் சாதனைக்கும் அங்கே இடமில்லை. 2019 ஏப்ரலில் வனவிலங்குகளுக்காகப் போராடும் வைல்ட் ஜஸ்டிஸ் அமைப்பு நீதிமன்றத்தை நாடியதையடுத்து, உரிமங்களை வழங்கும் அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து அப்போதிருந்த மூன்று பொது உரிமங்களை ரத்து செய்தது. பிறகு புதிய நிபந்தனைகளோடு வேறு உரிமங்கள் வந்தன. இந்த அனுமதி கல்லில் செதுக்கியதல்ல. பொறுப்பில்லாமல் சுடுகிறவர்கள் பெருகப் பெருக, நிஜமாகவே பயிரைக் காக்க வேண்டிய விவசாயியின் அனுமதிக்கும் அது ஆபத்தாக முடியும்.

இப்போது காற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் உச்ச சக்தி 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் அதற்கும் சான்றிதழ் தேவை. இந்தத் துப்பாக்கிகளில் பரவலாகப் போடுவது 4.5 மில்லிமீட்டர் பெல்லட். எடை அரை கிராமுக்குச் சற்று மேல். நடுவில் இடுப்புப்போல ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல விரிந்த ஈயத் துண்டு. அந்தப் பாவாடை காற்றில் இழுபட்டுத்தான் பெல்லட் நேராகப் போகிறது. ஆனால் அதே அமைப்புதான் அதன் வேகத்தையும் சீக்கிரம் தின்றுவிடுகிறது. குழலைவிட்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட், 50 மீட்டரில் ஏறத்தாழ 170-க்கு இறங்கிவிடுகிறது. வேகம் குறையக் குறையப் பக்கக்காற்று அதைத் தள்ளிக்கொண்டே போகிறது.

எவ்வளவு தள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தூக்கிவாரிப் போடுகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் காற்று பக்கவாட்டில் வீசுகிறது என்று வையுங்கள். 25 மீட்டரில் பெல்லட் சுமார் 4 சென்டிமீட்டர் விலகும். 50 மீட்டரில் 17. 75 மீட்டரில் 40. 100 மீட்டரில் முக்கால் மீட்டருக்கும் மேல். தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்குக்கு மேல் போகிறது. இந்த 16 கிலோமீட்டர் புயல் ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-ல் வகுத்த காற்று அளவுகோலில் அது மூன்றாம் எண், மென்காற்று. இலையும் சிறு குச்சியும் இடைவிடாமல் அசையும், லேசான கொடி விரிந்து நிற்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பாதி நாட்கள் அப்படித்தான் இருக்கும். சட்டைக் காலர்கூடப் படபடக்காத காற்று, நூறு மீட்டரில் உங்கள் பெல்லட்டைப் புறாவின் இறக்கை முனையையும் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

விலகலைக் கணக்கிட்டு அந்த அளவு தள்ளிக் குறிவைத்தால் போயிற்று என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இந்த நம்பிக்கைதான் அபாயம். காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பது பெரிய கேள்வியல்ல. காற்றின் வேகத்தை நாம் எவ்வளவு தப்பாக மதிப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்கள். 50 மீட்டரில் காற்றின் மதிப்பீடு மணிக்கு ஒரே ஒரு கிலோமீட்டர் பிசகினால் பெல்லட் ஒரு சென்டிமீட்டர் பிசகும். 75 மீட்டரில் அதே பிசகுக்கு இரண்டரை சென்டிமீட்டர். 100 மீட்டரில் ஏறக்குறைய ஐந்து. புறாவை அந்த இடத்திலேயே, வலி தெரியாமல் கொல்ல வேண்டுமென்றால் பெல்லட் மூளையில் பட வேண்டும். அந்த இலக்கின் குறுக்களவு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். மையத்திலிருந்து எந்தப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடம் இருக்கிறது. அப்படியானால் 50 மீட்டரில் காற்றை நீங்கள் மணிக்கு ஒரு கிலோமீட்டர் துல்லியத்தில் படித்தாக வேண்டும். 75 மீட்டரில் அரைக் கிலோமீட்டர் துல்லியம். மனிதக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் அந்தத் துல்லியம் கிடையாது. 25 மீட்டரில் மட்டும் நாலைந்து கிலோமீட்டர் தப்பாகக் கணித்தாலும் பறவை சித்திரவதைப்படாது. இருபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் இருப்பது வெறும் ஐம்பது மீட்டர் அல்ல என்பது புரிகிறதா?

இத்தனைக்கும் பெல்லட்டின் வீழ்ச்சி என்ற பழைய தலைவலி தீர்ந்துவிட்டது. லேசர் தூரமானி பொத்தானைத் தட்டியதும் தூரத்தைச் சொல்கிறது. செல்பேசிச் செயலி எத்தனை சொடுக்கு ஸ்கோப்பைத் திருப்ப வேண்டும் என்று சொல்கிறது. மேலும் கீழுமாக வரும் பிழையைக் கருவி சரிசெய்துவிட்டதால், பக்கவாட்டுப் பிழையும் சரியாகிவிட்டது என்ற மயக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. காற்றுமானி ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அது நீங்கள் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே சொல்லும். வழியில் இருக்கும் காற்றைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அந்த வழியை ஒரு முறை கண்ணால் நடந்து பாருங்கள். நீங்கள் வேலிப்புதரின் மறைவில் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். முகத்தில் காற்றே இல்லை. முன்னால் பத்து மீட்டரில் புதர் முடிகிறது, வாயிற்கதவு இருக்கும் இடைவெளி. அங்கே காற்று குவிந்து வேகமாகப் பாய்கிறது. அதற்கு அப்பால் திறந்த வயல், புல் ஒரே பக்கமாகச் சாய்கிறது. அதையும் தாண்டிக் கொட்டில். அதன் மூலையில் மோதிய காற்று சுழன்று எதிர்த்திசையில் திரும்புகிறது. கொட்டிலுக்குப் பின்னால் நிற்கும் ஆஷ் மரத்தின் உச்சிக் கிளையில் புறா. தரையில் வீசுவதைவிட மர உச்சியில் காற்று பெரும்பாலும் அதிகம். அந்தக் கிளையும் ஒரு சாண் அளவுக்கு ஊசலாடுகிறது. ஒரே பெல்லட் இந்த நான்கு விதக் காற்றுக்குள்ளும் நுழைந்து போக வேண்டும். குழல் வாய்க்குப் பக்கத்தில் வாங்கும் தள்ளுதான் கடைசியில் அதிகம் பாதிக்கும், ஏனென்றால் அங்கே திரும்பிய கோணம் மீதித் தூரம் முழுக்க விரிந்துகொண்டே போகிறது. ஆனால் சுடுகிறவரின் கண் என்னவோ பறவைக்குப் பக்கத்தில் ஆடும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

குறுக்காக வரும் காற்றை மட்டும் கவனித்து, சாய்வாக வரும் காற்றை அலட்சியம் செய்கிறவர்கள் நிறைய. நாற்பத்தைந்து டிகிரியில் வரும் காற்று பாதியாகத்தான் தள்ளும் என்று மனம் சொல்லும். உண்மையில் எழுபது சதவீதம் தள்ளும். முப்பது டிகிரியில் வருவதே பாதி தள்ளும்.

இன்னொன்று, நேரம். இந்தச் சக்தியில் 100 மீட்டர் போக பெல்லட்டுக்கு அரை நொடிக்கும் மேல் ஆகிறது. புறா ஒரு கொத்து கொத்த, தலையைத் திருப்ப, அடுத்த கிளைக்கு எம்ப அது போதும். விசையை இழுக்கும்போது சரியாக இருந்த குறி, பெல்லட் போய்ச் சேரும்போது வேறு எதுவாகவோ ஆகியிருக்கும். அந்த அரை நொடிக்குள் காற்றும் ஒரு முறை ஓங்கி அடங்கிவிடலாம்.

பிசகிய பெல்லட் எங்கே போகிறது? முழுதாகத் தவறினால் பறவைக்கு அதிர்ஷ்டம். அரைகுறையாகத் தவறினால்தான் கொடுமை. மூளைக்கு வைத்த குறி மூன்று சென்டிமீட்டர் விலகினால் அலகு உடையும், கண் போகும், கழுத்துச் சதை கிழியும். மார்புக்கு வைத்த குறி ஐந்து சென்டிமீட்டர் விலகினால் இறக்கை எலும்பு முறியும், அல்லது குடல் துளைபடும். மேய்ந்து முடித்த மரப்புறாவின் தீனிப்பையை வேட்டையாடுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இலையும் தானியமும் அடைத்து, கழுத்துக்குக் கீழே மணல் மூட்டைபோலப் புடைத்து நிற்கும். நூறு மீட்டர் போய் வேகமிழந்த பெல்லட் முன்பக்கமிருந்து அதில் பட்டால் உள்ளே நெஞ்சுவரை போகாது. பறவை பறந்துவிடும். தீனிப்பை கிழிந்து, தின்றது வழிய, எதையும் விழுங்க முடியாமல் பட்டினியில் சாகும். மரப்புறா வருடத்தில் பல மாதங்கள் குஞ்சு பொரிக்கிறது, கோடையின் பின்பகுதியில் மிக அதிகம். குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் ஊட்டுவது அந்தத் தீனிப்பையில் ஊறும் பாலைத்தான். கூட்டுக்குத் திரும்ப முடியாத ஒரு பறவையோடு கூட்டில் இருப்பவையும் சேர்ந்து போகின்றன. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பயிரைக் காக்கப் பறவையைக் கொல்வதை ஏற்றுக்கொள்கிறவர்கூட இதை ஏற்க முடியாது.

அதிக சக்தியுள்ள துப்பாக்கி வாங்கினால் தீர்ந்தது என்று அடுத்த யோசனை வரும். அழுத்தக் காற்று நிரப்பிய சிலிண்டரோடு வரும் பிசிபி ரைஃபிள்கள் அமெரிக்காவில் தாராளமாகக் கிடைக்கின்றன. 6.35 மில்லிமீட்டர் குழல், 80 ஜூல் சக்தி என்பது இப்போது சாதாரணம். அந்தக் கனமான பெல்லட்டையும் அதே 16 கிலோமீட்டர் காற்று நூறு மீட்டரில் கால் மீட்டருக்கு மேல் தள்ளும். காற்றை இன்னும் நன்றாக வெட்டிச்செல்லும் ஸ்லக் குண்டு என்றால் விலகல் குறையும். ஆனால் தவறிப்போனால் அது எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி பல மடங்கு பெரிதாகிவிடும். சக்தியைக் கூட்டிப் பறவையின் ஆபத்தைக் குறைக்கப் போய், பக்கத்து வயலில் நிற்கும் மனிதனின் ஆபத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

பின்தடுப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பொறுப்பான சுடுநர் ஒவ்வொருவரும் பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சுடுவார். தடித்த அடிமரம் இருக்கிறது, மண்மேடு இருக்கிறது, தவறினாலும் அதில் புதைந்துவிடும் என்ற தைரியம். காற்றடிக்கும் நாளில் தூரத்துக்குச் சுடும்போது பெல்லட் பறவையை மட்டும் தவறவிடுவதில்லை, அந்த அடிமரத்தையும் தவறவிடுகிறது. நாற்பது சென்டிமீட்டர் விலகினால் மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியில் பாயும். அந்த வெளிக்கு அப்பால் நடைபாதை இருக்கிறதா, குதிரை லாயம் இருக்கிறதா, பிள்ளைகள் விளையாடும் தோட்டம் இருக்கிறதா என்று குறுகலான ஸ்கோப் வட்டத்துக்குள் தெரியாது. ஆகவே பின்தடுப்பு குறிக்கு நேர்பின்னால் மட்டும் இருந்தால் போதாது. காற்று தள்ளக்கூடிய அகலத்துக்கும் இருக்க வேண்டும். மர உச்சியில் இருக்கும் பறவைக்கு வானம்தான் பின்தடுப்பு. அதைச் சுடவே கூடாது.

உங்கள் இடத்தின் எல்லையைத் தாண்டிப் பெல்லட் போனாலே இங்கிலாந்தில் குற்றம். யாருக்கும் அடிபடவில்லை என்பது சமாதானமாகாது. ஏர்கன் விளையாட்டுச் சாமான் என்ற எண்ணத்துக்கு அந்த நாடு கொடுத்த விலையும் கொஞ்சமல்ல. 2016-ல் சஃபோக் பகுதியில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஏர்கன் பெல்லட் பட்டு இறந்தான். அந்த மரணத்தை விசாரித்த அதிகாரி அரசாங்கத்துக்கு எழுதியதைத் தொடர்ந்து, ஏர்கன் சட்டங்களை மறுஆய்வு செய்வதாக 2017-ல் அரசு அறிவித்தது. அரை கிராம் ஈயம் ஒரு பிள்ளையைக் கொல்லப் போதுமானது.

பால் பண்ணைகளில் இந்த ஆபத்துக்கு வேறொரு முகம் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டார்லிங் என்ற பறவை, நம் மைனாவின் உறவு, ஆயிரக்கணக்கில் மாட்டுத் தீவனத் தொட்டியில் இறங்குகிறது. தீவனத்தில் சத்தான சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்கிறது, மிச்சத்தில் எச்சமிடுகிறது. 1890-ல் யூஜின் ஷீஃபெலின் என்பவர் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைகளின் வழித்தோன்றல்கள் அவை. வெளியிலிருந்து வந்த இனம் என்பதால், 1918-ம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் அவற்றைப் பாதுகாப்பதில்லை. ஆகவே சுடுகிறவர்கள் பண்ணைக்காரரின் அனுமதியோடு வருகிறார்கள். அங்கே எங்கு பார்த்தாலும் தகரக் கூரை, இரும்புக் குழாய், சிமென்ட் தரை. பட்ட பெல்லட்டைத் தெறிக்கவைக்கும் பொருட்கள். நடுவில் நூற்றுக்கணக்கான மாடுகள், வேலையாட்கள், தண்ணீர்க் குழாய்கள். திறந்த பக்கங்கள் வழியாகக் காற்று கொட்டகைக்குள் ஊளையிட்டுக்கொண்டு போகும். இங்கே அரை மீட்டர் பிசகு என்றால் மாட்டின் கண்.

தூரம் கூடக்கூட அடையாளமும் குழம்பும். ஸ்டார்லிங் என்று நினைத்துச் சுட்டது ரஸ்டி பிளாக்பேர்டாக இருக்கலாம். அதே கூட்டங்களில் கலந்து திரியும் அந்தக் கறுப்புப் பறவையின் எண்ணிக்கை கடந்த அரை நூற்றாண்டில் படுவீழ்ச்சி கண்டிருக்கிறது. சுட்டவர் மீது வலசைப் பறவைகள் சட்டம் பாயும்: 15,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிரிட்டனில் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. ஸ்டார்லிங்கும் சிட்டுக்குருவியும் 2005 வரை இங்கிலாந்தில் பொது உரிமத்தின் கீழ் கொல்லக்கூடிய பறவைகளாக இருந்தன. எண்ணிக்கை சரிந்ததைக் கண்டு அந்த ஆண்டு பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இன்று இரண்டுமே பிரிட்டனில் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் ஸ்டார்லிங்கைச் சுடுகிறவன் குற்றவாளி.

துல்லியத்தில் ஆசை இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காகிதத்தையும் இரும்புத் தகட்டையும் சுடுங்கள். ஃபீல்டு டார்கெட் என்ற விளையாட்டு பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பறவை, முயல் வடிவத்தில் வெட்டிய தகடு, அதில் ஓர் ஓட்டை. உயிரில்லாத அந்தத் தகட்டையே 55 கஜத்துக்கு அப்பால் வைப்பதில்லை. அந்தத் தூரத்தில் ஓட்டையின் அகலம் 40 மில்லிமீட்டர். வருடம் முழுக்கப் பயிற்சி செய்யும் வீரர்கள், துப்பாக்கியில் சிறு நூல் கட்டிக் காற்றைப் பார்த்துக்கொண்டே சுட்டும், காற்றடிக்கும் நாளில் தகட்டுக்குத் தகடு தவறவிடுகிறார்கள். அமெரிக்காவில் நூறு கஜப் போட்டிகளில் வழி நெடுகக் காற்றுக் கொடி நட்டு, மேசையில் துப்பாக்கியை நிலையாக வைத்துச் சுடுகிறவர்களுக்கும் புள்ளிகள் பறிபோகின்றன. வயலில் கொடியும் கிடையாது, மேசையும் கிடையாது. அங்கே போகும் புள்ளி ஓர் உயிரின் தாடை.

பயிரைக் காக்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்றால், காற்று உங்களை வேறு வழிக்குத் திருப்பட்டும். விடியற்காலையில் தரையையொட்டிய காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், சூரியன் ஏறித் தரை சூடாகும்போதுதான் கிளம்பும். காத்திருக்கத் தெரிந்தவருக்கு அந்த நேரம் உண்டு. தூரத்தைக் குறையுங்கள். மறைப்பு கட்டி, பொம்மைப் புறாக்களை வைத்தால் பறவை தானே இருபத்தைந்து மீட்டருக்குள் வரும். உங்கள் தூர எல்லையை உங்கள் துப்பாக்கியின் விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது. அன்றைய காற்றில், அந்த இடத்தில், முட்டிபோட்ட அதே நிலையில், ஓர் அட்டையில் பத்துக் குண்டு சுட்டுப் பாருங்கள். பத்தும் ஓர் அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம்தான் அன்றைக்கு உங்கள் எல்லை. ஒன்பது விழுந்தாலும் போதாது. இலையும் குச்சியும் நிற்காமல் ஆடுகிற நாளில் அந்த எல்லை பலருக்கு முப்பது மீட்டருக்குள் வந்துவிடும். கிளைகளே ஆடத் தொடங்கி, தரையில் தூசியும் காகிதமும் பறந்தால் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். அன்றைக்கு வெடிச்சத்தக் கருவியும், பருந்து வடிவக் காற்றாடியும், நடமாடும் மனிதனும் செய்யும் வேலையைத் துப்பாக்கி செய்யாது. பால் பண்ணையில் தீவனத்தை மூடி வைப்பதும், கொட்டகைக்கு வலை அடிப்பதும், சிந்தியதை அன்றாடம் கூட்டுவதும் நீடித்த பலன் தரும்.

ஒருவேளை சுட்டு, பறவை அடிபட்டுப் பறந்துவிட்டால், அடுத்த பறவையைத் தேடாதீர்கள். அது எந்தத் திசையில் இறங்கியது என்று குறித்துக்கொண்டு, அப்படியே எழுந்து போய்த் தேடுங்கள். அனுமதியில்லாத நிலத்தில் விழுந்திருந்தால் துப்பாக்கியை விட்டுவிட்டு, நிலக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எத்தனை நேரமானாலும் அதைக் கண்டுபிடித்து வேதனையை முடிப்பது சுட்டவரின் கடமை.

நம் ஊர்ப் பிள்ளைகளும் இந்த வீடியோக்களைப் பார்க்கிறார்கள். பெற்றோர் உஷாராக இருக்க வேண்டும். இந்தியாவில் 20 ஜூலுக்கு உட்பட்ட 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதைப் பறவையைச் சுட உரிமம் இருக்கிறது என்று புரிந்துகொள்வது பெரிய தப்பு. பிரிட்டனில் இருப்பதுபோன்ற பொது உரிமம் இங்கே கிடையாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், அதற்கு முயல்வதும் அடங்கும். காகம் முன்பு தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தது. 2022-ம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. மயில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. நிலக்கடலையையும் தக்காளியையும் மயில் கொத்துகிறதென்று ஏர்கன்னைத் தூக்கினால் மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கின்றன. அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் தொடங்கிய ஏர்கன் ஒப்படைப்பு இயக்கத்தில், கிராமத்து மக்கள் தாங்களாகவே முன்வந்து 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசிடம் கொடுத்திருக்கிறார்கள். காடு மௌனமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்த மக்கள் அவர்கள்.

வீட்டில் ஏர்கன் இருந்தால் பூட்டி வையுங்கள், குண்டை வேறு இடத்தில் வையுங்கள். மாடியிலிருந்து தென்னை மரத்துக் காகத்துக்குக் குறிவைக்கும் பையனின் பெல்லட், காற்றில் சற்றே நகர்ந்தால் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர் மேல் படும். யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கவோ கழுவவோ விடாதீர்கள், உள்ளே இருப்பதை எடுக்க முயலாதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையை மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். உள்ளே போனது ஈயமா, இரும்புப் பால்ரஸ் குண்டா என்று டப்பாவைப் பார்த்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உள்ளே இரும்பு இருக்கும்போது எம்ஆர்ஐ எடுத்தால் அந்தக் காந்தம் குண்டைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும்.